பாத் நகருக்கு இருவராகப் போகிறீர்களா? ஒரு இரவு தங்குங்கள்

உங்கள் கேள்வி இது: அக்டோபரில் லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருகிறீர்கள். நடுவில் நீங்களும் மனைவியும் மட்டும் எங்காவது போய்வர வேண்டும், பாத் நகரைப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. லண்டனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தையும் பாத்தையும் ஒரே நாளில் காட்டிவிடும் பஸ் டூர் போதுமா, இல்லை தங்க வேண்டுமா? மனைவிக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம். நான் பக்கத்து ஊரான பிரிஸ்டலில் பல வருடமாக இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பஸ் டூர் வேண்டாம். காலையில் லண்டனை விட்டுக் கிளம்பி, நெரிசலில் ஊர்ந்து, ஸ்டோன்ஹெஞ்சில் இறக்கி ஏற்றி, பாத் வந்து சேரும்போது பாதி நாள் போயிருக்கும். அப்புறம் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம் சொச்சம், அதுவும் மற்ற எல்லா பஸ்களும் வந்து நிற்கும் அதே நேரம். ரோமானியக் குளத்தைச் சுற்றி ஒரு ஓட்டம், அபி என்ற பழைய பெரிய தேவாலயத்தின் வாசலில் ஒரு போட்டோ, கழிவறை வரிசை, முடிந்தது. இந்த ஊரின் அழகெல்லாம் பகல் கூட்டம் கிளம்பிய பிறகும், மறுநாள் கூட்டம் வருவதற்கு முன்பும்தான். அதற்காகவே ஒரு இரவு தங்கச் சொல்கிறேன். வார இறுதி வேண்டாம், செவ்வாய் புதன் மாதிரி வாரத்தின் நடுவில் போங்கள். வெள்ளி சனியில் அறை வாடகை ஏறிவிடும், சில விடுதிகளில் இரண்டு இரவாவது எடுத்தால்தான் தருவார்கள்.

லண்டன் பேடிங்டனிலிருந்து நேரடி ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குள் பாத் ஸ்பா நிலையம். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் பாதிக்குப் பாதி குறைவதும் உண்டு. இருவர் சேர்ந்தே பயணம் செய்பவர்களுக்கு என்று 'டூ டுகெதர்' ரயில் அட்டை ஒன்று இருக்கிறது, இருவர் பெயரும் படமும் அதில் இருக்கும், இருவர் கட்டணத்திலும் மூன்றில் ஒரு பங்கு கழிவு, ஒரு வருடம் செல்லும். வார நாட்களில் காலை 9:30-க்கு முன் மட்டும் அது செல்லாது, எப்படியும் அவசரமாகக் கிளம்பத் தேவையில்லை என்பதால் பிரச்சினை இல்லை. இங்கே இன்னும் சில ரயில் பயணம் வைத்திருக்கிறீர்கள் என்றால் அட்டைக்குக் கொடுத்த காசு சீக்கிரமே திரும்பிவிடும்.

ஊர் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஏவன் ஆறு, சுற்றிலும் குன்றுகள். ரயில் நிலையம், அபி, ரோமானியக் குளம் எல்லாம் அடித்தட்டில், கிட்டத்தட்ட சமதரையில். நீங்கள் படங்களில் பார்த்திருக்கும் அந்தப் பிறை வடிவ மாளிகை வரிசை, ராயல் கிரெசென்ட், மேலே மேட்டில். எல்லாரும் கீழிருந்து மேலே நடந்து போய்ப் பாதியிலேயே களைத்துவிடுகிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். விடுதியில் பையை வைத்துவிட்டு ஒரு டாக்ஸி பிடித்து நேராக ராயல் கிரெசென்ட் போய் இறங்குங்கள், அங்கிருந்து எல்லாமே இறக்கம். இறக்கத்திலும் முழங்கால் பிடிக்கும், தெரியும், ஆனால் வழியெல்லாம் உட்கார இடம் இருக்கிறது. தங்குமிடத்தையும் கீழே அபி பக்கமோ, ஆற்றைத் தாண்டி அகலமாக, நேராகப் போகும் கிரேட் புல்ட்னி தெருப் பக்கமோ எடுத்துவிட்டால் ராத்திரி மேடு ஏற வேண்டியதில்லை.

ராயல் கிரெசென்ட் 30 வீடுகள் ஒட்டிக் கட்டிய ஒரே வளைவு, முகப்பில் 114 தூண்கள். 1767-ல் தொடங்கி ஏழெட்டு வருடத்தில் கட்டி முடித்தார் இளைய ஜான் உட். முன்பக்கம் மொத்தமும் ஒரே அரண்மனை போல இருக்கும். ஆனால் கட்டட வல்லுநர் போட்டது அந்த முகப்பை மட்டும்தான், வாங்கினவர்கள் ஆளுக்கொரு மேஸ்திரியை வைத்து உள்ளேயும் பின்னாலேயும் தங்கள் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள். பின்பக்கத் தெருவில் போய்ப் பார்த்தால் ஒரு வீடு உயரம், ஒன்று குட்டை, ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே போகிறார்கள், ஐந்து நிமிட வேலைதான், நிச்சயம் போய்ப் பாருங்கள். ஓரத்து வீடு, முதலாம் எண், அருங்காட்சியகமாக இருக்கிறது. 18-ம் நூற்றாண்டில் பணக்காரர் வீடு எப்படி இருந்தது என்று சாப்பாட்டு மேசையிலிருந்து அடுக்களை வரை காட்டுவார்கள்.

அப்படியே பிராக் தெரு வழியாக நடந்தால் சர்க்கஸ் வரும். வித்தை காட்டும் சர்க்கஸ் அல்ல, வட்டமாகக் கட்டிய 33 வீடுகள். அப்பா ஜான் உட் 1754-ல் அடிக்கல் நாட்டிய சில மாதங்களிலேயே இறந்துவிட, மகன்தான் முடித்தார். மூன்று மாடிக்கு மூன்று வகைத் தூண்கள், கீழே டோரிக், நடுவில் அயோனிக், மேலே கொரிந்தியன். கீழ் மாடித் தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையை நிமிர்ந்து கவனியுங்கள், பாம்பு, கருவிகள், கடல்சார்ந்த சின்னங்கள் என்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறு சிற்பங்கள் வட்டம் முழுக்க ஓடும். உச்சியில் வரிசையாகக் கல்லில் செதுக்கிய ஓக் விதைகள். நடுவில் பெரிய பெரிய பிளேன் மரங்கள், அதன் அடியில் உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் இந்த இடம்.

இங்கே நமக்கு ஒரு சங்கதி இருக்கிறது. இந்த வட்டத்தில் ஒரு வீட்டுச் சுவரில் ராபர்ட் கிளைவ் பெயர் பொறித்த பலகை உண்டு. 1744-ல் சென்னைக்குக் கம்பெனிக் குமாஸ்தாவாக வந்து, 1751-ல் ஆற்காட்டைப் பிடித்து, அப்புறம் வங்காளத்தில் அளவில்லாமல் சேர்த்துக்கொண்டு போன அதே கிளைவ். அவர் மட்டும் அல்ல. அபியின் உள்சுவரில் அறுநூறுக்கும் மேல் நினைவுக் கல்வெட்டுகள் இருக்கின்றன, நிதானமாகப் படித்தால் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் அடிக்கடி வருவார்கள். இந்தியாவில் சம்பாதித்தவர்களும், கரீபியத் தீவுகளில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியவர்களும் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் ஓய்வெடுக்கவும் வந்த ஊர் இது. லான்ஸ்டவுன் குன்றின் மேல் கோபுரம் கட்டிக்கொண்ட வில்லியம் பெக்ஃபோர்டின் சொத்து ஜமைக்காத் தோட்டங்களில் இருந்து வந்தது. இந்த வீடுகளின் அழகை ரசிக்க எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் காசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் அந்தக் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரே தேன் நிறத்தில் இருப்பதற்குக் காரணம், எல்லாமே ஒரே கல். ஊருக்குத் தெற்கே கூம் டவுன் மேட்டில் ரால்ஃப் ஆலன் என்பவர் சுரங்கம் வைத்து எடுத்து விற்ற சுண்ணாம்புக்கல். ஏதாவது ஒரு சுவரில் மூக்கு படுகிற மாதிரி நின்று பாருங்கள், கல் முழுக்கப் பொடிப்பொடி உருண்டை மணிகளாகத் தெரியும். ஜுராசிக் காலத்தில் இந்த இடம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல், அலையில் உருண்ட துகள்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து படிந்து வந்த மணிகள் அவை. அங்கங்கே கறுப்புப் படிந்த சுவர்களும் கண்ணில் படும், நிலக்கரிப் புகையின் மிச்சம். 20-ம் நூற்றாண்டில் கழுவித் தேய்த்த பிறகுதான் ஊர் இந்த நிறத்துக்குத் திரும்பியது.

சரி, தண்ணீருக்கு வருவோம். இந்த ஊர் இருப்பதே அதனால்தான். தெற்கே மெண்டிப் குன்றுகளில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் சூடேறி, பல்லாயிரம் வருடம் கழித்துப் பாறை விரிசல் வழியாக இங்கே மேலே வருகிறது. எரிமலை எதுவும் கிடையாது, ஆழத்துச் சூடு மட்டும்தான். முக்கிய ஊற்றில் 46 டிகிரி செல்சியஸ், ஒரு நாளைக்கு 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர், நிற்காமல். ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கிருந்தவர்கள் சூலிஸ் என்ற தெய்வத்தின் இடமாக இதைக் கும்பிட்டார்கள். முதலாம் நூற்றாண்டில் வந்த ரோமானியர் அந்தத் தெய்வத்தை விரட்டவில்லை, தங்கள் தெய்வமான மினெர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினெர்வா என்று கோயில் கட்டி, பக்கத்தில் குளியல் மண்டபங்களையும் எழுப்பி, ஊருக்கு அக்வே சூலிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குளமும் குளியல் மண்டபங்களும் இருக்கும் ரோமன் பாத்ஸுக்கு இரண்டாம் நாள் காலையில், கதவு திறக்கிற நேரத்துக்கே டிக்கெட் எடுங்கள். நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், வார நாட்களில் விலையும் குறைவு, காதில் வைத்துக் கேட்கும் கருவி அதிலேயே அடக்கம். அக்டோபர் காலைக் குளிரில் பெரிய குளத்தின் மேல் ஆவி பரந்து நிற்கும், பதினோரு மணிக்கு மேல் பஸ்கள் வந்துவிட்டால் அதை நிம்மதியாக நின்று பார்க்க முடியாது. குளத்தின் பச்சை நிறம் பாசி, ரோமானியர் காலத்தில் மேலே கூரை இருந்ததால் வெயில் படாமல் இப்படிப் பச்சையாக இருந்திருக்காது. அடித்தளத்தில் அவர்கள் விரித்த 45 ஈயத் தகடுகள் இன்னும் அப்படியே கிடந்து தண்ணீரைத் தாங்குகின்றன. மேல் தளத்தில் நிற்கும் ரோமானியச் சிலைகளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அவை விக்டோரியா காலத்தில் வைத்தவை, அந்த மேடை திறந்ததே 1897-ல். படிகளும் மேடுபள்ளமான கல்தரையும் உண்டு, ஆனால் லிஃப்ட் இருக்கிறது, வாசலிலேயே முழங்கால் வலியைச் சொல்லிவிட்டால் வழி காட்டுவார்கள்.

உள்ளே நான் அதிக நேரம் நிற்கும் இடம் குளம் அல்ல, சாபத் தகடுகள் இருக்கும் பகுதி. உள்ளங்கை அளவு மெல்லிய ஈயத் தகட்டில் கீறி எழுதி, சுருட்டி ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள், ஏறக்குறைய 130 கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் திருட்டுப் புகார். குளிக்கப் போனபோது துணியைத் தூக்கிக்கொண்டு போனவன், காசைத் திருடியவன், அவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ, விடாதே தாயே என்று அம்மனிடம் காசு வெட்டிப் போட்டு முறையிடுவது மாதிரியேதான். டோசிமெடிஸ் என்று ஒருவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார். வெறும் கையுறைக்கு. பேரரசர்கள், தளபதிகள் பற்றி எவ்வளவோ எழுதிவைத்த ரோமில், ஒரு சாதாரண ஆளின் ஆத்திரம் அவன் கையெழுத்தோடு நமக்கு வந்து சேர்ந்திருப்பது இது மாதிரி இடங்களில்தான். அவசரப்பட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அந்தக் குளத்தில் இறங்க முடியாது, கையைக்கூட வைக்கக் கூடாது. சுத்திகரிக்காத நீர். 1978-ல் இந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபா தொற்றி இறந்துபோனாள், அதோடு ஊரில் வெந்நீர்க் குளியலே நின்றுவிட்டது. பிறகு புதிதாகத் துளையிட்டுக் கிருமி இல்லாத ஆழத்திலிருந்து நீர் எடுக்க வழி செய்து, 2006-ல்தான் தெர்மே பாத் ஸ்பா திறந்தது. அதே வெந்நீரில் குளிக்க வேண்டும் என்றால் இங்கே போங்கள். முதல் நாள் சாயங்காலம், இருட்டத் தொடங்கும் நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். மொட்டை மாடிக் குளத்தில் கழுத்தளவு வெதுவெதுப்பான நீரில் நின்றபடி அபியின் கோபுரமும் சுற்றிலும் குன்றுகளில் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் விளக்குகளும் பார்க்கலாம், வெளியே குளிர், நீர் 33 டிகிரிக்கு மேல். முழங்காலுக்கும் இதமாக இருக்கும். துண்டு, அங்கி, செருப்பு அவர்களே தருவார்கள். நீச்சல் உடை கட்டாயம், சேலை, சுடிதார் போட்டுக்கொண்டு இறங்க விடமாட்டார்கள். உடம்பை மூடும் முழுநீள நீச்சல் உடை விற்கிறது, மகனிடம் சொல்லி முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல தம்பதிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்பாவை விட்டுவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போங்கள், நீராவி அறைகளில் ரொம்ப நேரம் உட்கார வேண்டாம்.

காலையில் ரோமன் பாத்ஸ் முடித்து வெளியே வரும் வழியில் ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கலாம். சுத்திகரித்த நீர்தான், வெதுவெதுப்பாக, இரும்பு வாடையோடு இருக்கும், 43 தாதுக்கள் என்று கணக்குச் சொல்வார்கள். 18-ம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இதை லிட்டர் கணக்கில் குடிக்கச் சொன்னார்கள், ஒரு மடக்கிலேயே அந்த நோயாளிகள் மேல் உங்களுக்குப் பரிதாபம் வரும். ஒட்டியே இருக்கும் பம்ப் ரூம் 1795-ல் முடித்த உயரமான மண்டபம், பியானோவும் வயலினும் வாசிக்க உட்கார்ந்து தேநீர் குடிக்கிற இடம். விலை அதிகம். கொண்டாட ஏதாவது காரணம் இருந்தால் போங்கள், வெறும் டீக்கு வேண்டாம்.

எதிரே அபி. 1499-ல் ஆலிவர் கிங் என்ற ஆயர், தேவதைகள் ஏணியில் ஏறி இறங்குவதாகக் கனவு கண்டு கட்டத் தொடங்கினார் என்பது கதை. மேற்கு வாசலின் இரு பக்கமும் கல் ஏணிகளில் தேவதைகளைப் பார்க்கலாம், சிலர் தலைகீழாக இறங்கிக்கொண்டிருப்பார்கள். உள்ளே போனதும் தலையை நிமிர்த்துங்கள், விசிறி விசிறியாக விரியும் அந்தக் கல் கூரைக்குத்தான் வருகிறார்கள். கோபுரம் ஏற 212 படி, முழங்காலோடு வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள், இங்கே எந்த உணவகத்திலும் சைவத்துக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள், இந்திய உணவகங்களும் உண்டு. சாலி லன் வீட்டு பன் பிரபலம், தட்டு அளவு பெரிய, உள்ளே மிருதுவான பன். பாதியாக வெட்டி வெண்ணெயோ ஜாமோ தடவித் தருவார்கள். 1680-ல் பிரான்சிலிருந்து வந்த அகதிப் பெண் செய்தது என்பது கடையில் சொல்லும் கதை, ஆதாரம் கிடையாது, பன் நன்றாகவே இருக்கும். இந்த வகை பன்னில் வழக்கமாக முட்டை சேர்ப்பார்கள், நீங்கள் முட்டை சாப்பிடாதவர்கள் என்றால் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பாத் பன் என்று விற்பது வேறு, அது சின்னது, மேலே சர்க்கரைக் கட்டிகள் தூவியது.

ஜேன் ஆஸ்டின் 1801 முதல் 1806 வரை இங்கே குடியிருந்தார், அவருக்கென்று கே தெருவில் ஒரு கண்காட்சி மையம் இருக்கிறது. உங்களில் யாராவது அவருடைய நாவல்களைப் படித்தவர் என்றால் போகலாம், இல்லாவிட்டால் தாராளமாக விடலாம். இந்த ஊரை விட்டுப் போனபோது தப்பித்த சந்தோஷத்தை உணர்ந்ததாக அவரே கடிதத்தில் எழுதினவர்தான். நான் ஒரே ஒரு வீட்டுக்குப் போகச் சொல்வேன் என்றால் அது நியூ கிங் தெருவில் ஹெர்ஷெல் வீடு. ஹனோவரிலிருந்து வந்து பாத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷெல், 1781 மார்ச் 13 இரவு இந்த வீட்டுப் பின்கட்டுத் தோட்டத்தில் தானே செய்த தொலைநோக்கியை வைத்து யுரேனஸைக் கண்டுபிடித்தார். சனியோடு முடிந்ததாக நினைத்திருந்த சூரியக் குடும்பம் அன்றைக்கு இரண்டு மடங்கு அகலமானது. சின்னத் தோட்டம், சுற்றிலும் சுவர், அவ்வளவுதான். வீட்டை ஒட்டிய பட்டறையில் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு உலோகம் உருக்கி ஊற்றியபோது அச்சு பிளந்து குழம்பு தரையில் ஓடியது, அந்தச் சூட்டில் வெடித்த தளக்கற்கள் இன்னும் கிடக்கின்றன. கூடவே இருந்து கணக்கு எழுதி, அவர் வேலையில் மூழ்கியிருக்கும்போது வாயில் ஊட்டிவிட்ட தங்கை கரோலின் பிறகு தானே எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்து, 1787 முதல் அரசரிடம் வருடத்துக்கு 50 பவுண்டு சம்பளமும் வாங்கினார். படிகள் இருக்கின்றன, குறுகலான வீடு, மனைவிக்கு முடியாது என்றால் தோட்டத்தையும் பட்டறையையும் மட்டும் பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துக்கொண்டு போங்கள்.

அதுவும் வேண்டாம், நடந்தால் போதும் என்றால் புல்ட்னி பாலம். ராபர்ட் ஆடம் வரைந்து 1774-ல் முடித்த பாலம், இரண்டு பக்கமும் கடைகள் இருப்பதால் மேலே நடக்கும்போது பாலத்தில் போகிறோம் என்றே தெரியாது. படி இறங்கி ஆற்றோரம் போனால்தான் அதன் உருவமும், கீழே வளைவு வளைவாக விழும் அணையும் தெரியும். பாலத்தைத் தாண்டி நேராகப் போனால் சிட்னி தோட்டம், அதன் வழியே கென்னட்-ஏவன் கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க் கரை முழுக்கச் சமதளம், குறுகிய நீளப் படகுகள் கட்டியிருக்கும், அதில் குடும்பமாகவே வாழ்கிறவர்கள் உண்டு. முழங்காலுக்குத் தோதாக எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு போய்த் திரும்பலாம்.

நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிடும், நீங்கள் அக்டோபரில் வருவது நல்லதாகப் போயிற்று. அந்தச் சந்தை நாட்களில் அபி வாசலில் காலை எடுத்து வைக்க இடம் இருக்காது, வாடகையும் கேட்க முடியாது.

ஸ்டோன்ஹெஞ்சை விட மனசில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பாத்திலிருந்து சால்ஸ்பரிக்கு நேரடி ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலைய வாசலிலேயே ஸ்டோன்ஹெஞ்ச் பஸ் நிற்கும், பார்த்துவிட்டு சால்ஸ்பரி திரும்பி அங்கிருந்து லண்டன் வாட்டர்லூவுக்கு ஒன்றரை மணி நேரம். அப்படிச் செய்வதானால் பேடிங்டனுக்குத் திரும்பும் டிக்கெட் எடுக்காமல் ஒரு வழி டிக்கெட்டுகளாக எடுங்கள், இரண்டாம் நாள் பாத்தை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். ஸ்டோன்ஹெஞ்சுக்குள் கடைசி அனுமதி மூடுவதற்கு நன்றாக முன்பே நின்றுவிடும், அதையும் பார்த்து நேரம் போடுங்கள். என்னைக் கேட்டால் கற்களை மகனோடு இன்னொரு நாள் காரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அந்த மதியத்தைக் கால்வாய்க் கரைக்கே கொடுத்துவிடுங்கள்.